கறுப்புச் சாவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிப் பாடநூலில் கறுப்புச் சாவு நான்கைந்து வரிகளில் முடிந்துவிடுகிறது. அந்தப் பகுதியை நடத்தி முடித்த பிறகு மாணவர்கள் கேட்கும் கேள்விகள் மட்டும் முடிவதில்லை. கொரோனாக் காலத்துக்குப் பிறகு அவர்களுடைய பெற்றோரும் கேட்கத் தொடங்கினார்கள். ஆண்டுதோறும் ஏறக்குறைய அதே ஐயங்கள்தான் திரும்பி வருகின்றன என்பதால், கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளை எழுதிப் பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன். முன்பே சொன்ன செய்தி மீண்டும் தேவைப்படும் இடத்தில் அதைச் சுட்டிவிட்டு நகர்ந்திருக்கிறேன்.

கறுப்புச் சாவு என்பது தனி நோயா, பிளேக்கின் இன்னொரு பெயரா?

நோய் பிளேக்தான். எர்சினியா பெஸ்டிஸ் என்ற நுண்கிருமியால் உண்டாகும் அந்த நோய் மனித வரலாற்றில் பலமுறை பெருகியிருக்கிறது. அவற்றுள் 1346 முதல் 1353 வரை மேற்கு ஆசியா, வட ஆப்பிரிக்கா, ஐரோப்பா ஆகிய பகுதிகளில் பரவி மக்களைக் கூட்டங்கூட்டமாகக் கொன்ற பேரலையை மட்டுமே கறுப்புச் சாவு என்கிறோம்.

கிருமியை 1894இல் ஹாங்காங்கில் அலெக்சாந்தர் எர்சின் கண்டறிந்தார். அவர் பெயரே அதற்கு அமைந்தது. ஆனால் பதினான்காம் நூற்றாண்டில் வந்ததும் இதே கிருமிதானா என்ற ஐயம் ஆய்வாளர்களிடையே நெடுங்காலம் இருந்தது. இலண்டனின் கிழக்கு ஸ்மித்ஃபீல்டில், 1348–49இல் இறந்தவர்களுக்காகவே திறக்கப்பட்ட இடுகாடு ஒன்று உண்டு. அங்குக் கிடைத்த எலும்புக்கூடுகளின் பற்களிலிருந்து அக்கிருமியின் மரபணுத் தொகுதியை 2011இல் மீட்டெடுத்த பிறகு அந்த ஐயத்துக்கு இடமில்லாமல் போயிற்று.

உடம்பு கறுத்துப் போனதால்தான் அந்தப் பெயரா?

நோய் முற்றியவர்களின் தோலில் இரத்தம் கசிந்து கருந்திட்டுகள் தோன்றுவதும், விரல் நுனிகள் கறுத்து அழுகுவதும் உண்மைதான். ஆனாலும் அந்தக் காலத்து மக்கள் இதைக் கறுப்புச் சாவு என்று அழைக்கவில்லை. 'பெருஞ்சாவு', 'பெரும் கொள்ளைநோய்' என்ற பொருள்படும் சொற்களைத்தான் அவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். இப்போது வழங்கும் பெயர் பல நூற்றாண்டுகள் கழித்து நிலைபெற்றது. கறுப்பு என்பதற்கு அங்கே கொடியது, துயரமானது என்ற பொருளும் உண்டு.

நோய் வந்தவருக்கு என்ன ஆகும்? எத்தனை நாளில் உயிர் போகும்?

கிருமி உடலுக்குள் புகுந்து சில நாட்களில் கடுங்காய்ச்சல், குளிர் நடுக்கம், தலைவலி, தாங்க முடியாத சோர்வு ஆகியவை தொடங்கும். பிறகு தொடையிடுக்கிலோ அக்குளிலோ கழுத்திலோ நெறிகட்டிப் பெரிதாக வீங்கும். சில வீக்கங்கள் முட்டை அளவும் சில ஆப்பிள் அளவும் இருந்ததாகப் புளோரன்ஸ் நகரத்து எழுத்தாளர் பொக்காச்சியோ குறித்திருக்கிறார். மருந்தில்லாத நிலையில் இந்த நெறிகட்டி வகையில் பாதிப் பேருக்குக் குறையாமல் இறப்பது வழக்கமாக இருந்தது.

கிருமி நுரையீரலைத் தாக்கினால் நிலைமை வேறு. இருமலில் இரத்தம் வரும். இருமும்போது தெறிக்கும் துளிகளால் பக்கத்தில் இருப்பவருக்கும் தொற்றும். மருத்துவம் இல்லாவிட்டால் ஏறக்குறைய எவரும் பிழைப்பதில்லை. போப்பாண்டவர் அப்போது தங்கியிருந்த தென்பிரான்சின் அவிஞோன் நகரில் அவருடைய மருத்துவராக இருந்த கீ தெ ஷோலியாக் இந்த இரண்டு வகையையும் அன்றே பிரித்து எழுதினார். இரத்தம் துப்பியவர்கள் மூன்று நாட்களிலும், நெறிகட்டியவர்கள் ஐந்து நாட்களிலும் இறந்தார்கள் என்பது அவர் கணக்கு. அவருக்கே நெறிகட்டியது; பிழைத்தெழுந்தார். கிருமி என்ற கருத்தே இல்லாத காலத்தில் ஒருவர் படுக்கையோரம் நின்று கவனித்தே இவ்வளவு தெளிவாக எழுதியிருப்பது என்னை ஒவ்வொரு முறையும் வியக்க வைக்கிறது.

எலி பரப்பியதா, தெள்ளுப்பூச்சி பரப்பியதா? ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்களே?

இரண்டுக்கும் பங்கு உண்டு. பிளேக் அடிப்படையில் கொறிக்கும் விலங்குகளின் நோய். எலியின் இரத்தத்தைக் குடிக்கும் தெள்ளுப்பூச்சியின் குடலில் கிருமி பெருகி, உணவு இறங்கும் வழியை அடைத்துவிடுகிறது. எவ்வளவு குடித்தாலும் பசி அடங்காத அந்தப் பூச்சி மீண்டும் மீண்டும் கடிக்கிறது. ஒவ்வொரு கடியிலும் கிருமி கலந்த இரத்தத்தைக் கக்குகிறது. எலி செத்ததும் உடல் குளிர்ந்துவிடுவதால், பூச்சி வேறு சூடான உடலைத் தேடுகிறது. வீட்டுக் கூரையிலும் தானியக் களஞ்சியத்திலும் கப்பலின் அடித்தட்டிலும் மனிதரோடு ஒட்டி வாழ்ந்தது கருப்பு எலி. ஆகவே, அடுத்துக் கிடைத்த சூடான உடல் பெரும்பாலும் மனித உடலாகவே இருந்தது. இந்தச் சங்கிலியைப் பால்-லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1898இல் கராச்சியில் செய்த சோதனையில் காட்டினார்.

இதில் சிக்கல் ஒன்று இருக்கிறது. ஐரோப்பியக் குறிப்புகளில் எலிகள் கூட்டமாகச் செத்து விழுந்த செய்தி அரிதாகவே காணப்படுகிறது. எலிவழிப் பரவலுக்கு இருக்க வேண்டிய வேகத்தைவிட நோய் விரைவாகவும் நகர்ந்திருக்கிறது. மனிதர் உடலிலும் உடையிலும் வாழும் தெள்ளும் பேனும்கூட ஒருவரிடமிருந்து ஒருவருக்குக் கிருமியைக் கொண்டு சென்றிருக்கலாம் என்று இப்போது பலர் கருதுகிறார்கள். இடத்துக்கு இடம் வழி மாறியிருக்கும் என்பதே எனக்கும் பொருத்தமாகப் படுகிறது.

எங்கே தொடங்கியது? சீனாவிலா?

சீனா என்று உறுதியாக எழுதுவதைப் பல நூல்களில் காணலாம். அதற்கு வலுவான சான்று இல்லை. நமக்குக் கிடைத்திருக்கும் மிகத் தொன்மையான தடம் இன்றைய கிர்கிஸ்தானில், இசிக்-குல் ஏரிப் பகுதியில் இருக்கிறது. அங்கே காரா-ஜிகாச் என்ற இடத்தில், வணிகப் பாதையோரம் வாழ்ந்த ஒரு கிறித்தவச் சமூகத்தின் இடுகாடு பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அகழப்பட்டது. அதன் கல்லறைக் கற்களில் 1338, 1339 ஆகிய இரண்டே ஆண்டுகளுக்கு உரியவை மட்டும் நூற்றுக்கும் மேல் இருந்தன. சிலவற்றில் 'கொள்ளைநோயால் இறந்தார்' என்று சிரியாக் மொழியில் பொறிக்கப்பட்டிருந்தது.

அந்த எலும்புக்கூடுகளின் பற்களில் பிளேக் கிருமியின் மரபணு இருப்பதை 2022இல் வெளியான ஆய்வு காட்டியது. பிறகு ஐரோப்பாவில் பரவிய வகைக்கு அது மூதாதை வகையாகவும் அமைந்தது. அந்த மலைப்பகுதியின் மர்மோட் போன்ற கொறிக்கும் விலங்குகளிடையே பிளேக் இன்றும் வாழ்கிறது. அந்தக் கற்களைப் பற்றி இறுதிக் கேள்வியில் மீண்டும் பேசுகிறேன்.

பிணங்களைக் கவண்பொறியில் வைத்துக் கோட்டைக்குள் எறிந்தார்களாமே, அதனால்தான் ஐரோப்பாவுக்கு நோய் வந்ததா?

கிரிமியாவில் ஜெனோவா வணிகர்களின் காஃபா என்ற துறைமுக நகரம் இருந்தது. மங்கோலியப் பேரரசின் மேற்குப் பிரிவான 'தங்கக் கூட்டம்' என்ற அரசின் மன்னர் ஜானிபெக் அதை முற்றுகையிட்டிருந்தபோது, 1346இல் அவர் படையில் கொள்ளைநோய் புகுந்தது. இறந்த வீரர்களின் உடல்களைக் கவண்பொறிகளால் மதிலுக்குள் எறியச் செய்தார் என்று இத்தாலியின் பியாசென்சா நகரத்துக் கேப்ரியேல் தெ முசி எழுதியிருக்கிறார். அவர் காஃபாவுக்குப் போனவரல்லர், கேட்டதை எழுதியவர். எறிந்திருக்க மாட்டார்கள் என்று என்னால் சொல்ல இயலாது. ஆனால் நோய் பரவ அந்தச் செயல் தேவைப்படவே இல்லை. எலிக்கு மதில் ஒரு தடையன்று.

கருங்கடல் துறைமுகங்களிலிருந்து கோதுமை ஏற்றிப் புறப்பட்ட கப்பல்களைத்தான் நாம் கவனிக்க வேண்டும். அந்த ஆண்டுகளில் இத்தாலியில் விளைச்சல் பொய்த்துப் பசி நிலவியது. மங்கோலியரோடு இருந்த சண்டையால் தடைபட்ட கருங்கடல் வணிகம் 1347இல் மீண்டும் திறந்தது. பசித்த நகரங்களுக்குத் தானியம் போயிற்று. தானியம் போகும் இடமெல்லாம் எலியும் தெள்ளும் போயின. பிணம் எறிந்த கதை நினைவில் நிற்கிறது, கோதுமை மூட்டை நிற்பதில்லை. பேரழிவுக்குக் கொடியவன் ஒருவன் காரணமாக இருக்க வேண்டும் என்று மனம் எதிர்பார்ப்பதே இதற்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

ரயிலும் விமானமும் இல்லாத காலத்தில் எப்படி அவ்வளவு வேகமாகப் பரவியது?

கடல்வழியே. 1347இல் கான்ஸ்டான்டிநோபிள், அவ்வாண்டு இலையுதிர்காலத்தில் அலெக்சாந்திரியா, அக்டோபரில் சிசிலியின் மெசினா, ஆண்டு முடிவதற்குள் மார்செய் என்று துறைமுகம் துறைமுகமாக நோய் இறங்கியது. 1348இல் வெனிஸ், பீசா, புளோரன்ஸ், அவிஞோன், பாரிஸ், டமாஸ்கஸ், கெய்ரோ ஆகிய நகரங்கள் அடிபட்டன. அவ்வாண்டு கோடையில் இங்கிலாந்தின் தென்கரையிலிருந்த மெல்கம் துறைமுகத்தைத் தொட்டு, இலையுதிர்காலத்தில் இலண்டனை அடைந்தது. 1349இல் நார்வேயின் பெர்கன். 1353 அளவில் மாஸ்கோ. மாஸ்கோவுக்கும் கருங்கடலுக்கும் இடையே உள்ள நேர்த்தொலைவைப் பார்த்தால் நோய் அங்கே முதலில் போயிருக்க வேண்டும். ஆனால் அது வணிகர் சென்ற வழியே ஐரோப்பாவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் அங்கே சேர்ந்தது. கப்பல் போக்குவரத்துக் குறைந்திருந்த ஐஸ்லாந்தை 1402 வரை நோய் எட்டவில்லை.

ஐரோப்பியர்கள் குளிக்காமல் அழுக்காக இருந்ததால்தானே இந்த நோய்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் 'நம்மவர்கள் தூய்மையானவர்கள்' என்ற மகிழ்ச்சியோடு கேட்கிறார்கள். கெய்ரோவையும் டமாஸ்கஸையும் எண்ணிப் பாருங்கள். பொதுக் குளியலறைகள் நிறைந்த, தொழுகைக்கு முன் உடல் கழுவுவதைக் கடமையாகக் கொண்ட நகரங்கள் அவை. அங்கும் மக்கள் அதே கொடுமையோடு இறந்தார்கள். ஐரோப்பிய நகரங்களிலும் அக்காலத்தில் பொதுக் குளியல் இல்லங்கள் இருந்தன.

நெருக்கமான வீடுகளும் தெருவில் தேங்கிய கழிவும் எலி பெருக உதவின என்பது உண்மை. அதைவிடப் பெரிய காரணம் உடலின் வலுவின்மை. 1315 முதல் 1317 வரை வட ஐரோப்பாவைப் பெரும் பஞ்சம் வாட்டியது. அதன் பிறகும் நிலம் குறைவு, வாய்கள் அதிகம் என்ற நிலையே நீடித்தது. முதல் கேள்வியில் சொன்ன இலண்டன் இடுகாட்டு எலும்புகளை ஆராய்ந்தவர்கள், முன்பே நலிந்திருந்தவர்களே அதிக அளவில் இறந்திருப்பதைக் கண்டார்கள். நோய் எல்லோரையும் தொட்டது, ஆனால் ஏழையின் வீட்டில் அதிக நேரம் தங்கியது.

பூனைகளை எல்லாம் கொன்றுவிட்டதால் எலி பெருகி நோய் வந்தது என்று வாட்ஸ்அப்பில் படித்தேன். சரியா?

சரியன்று. போப் ஒன்பதாம் கிரகோரி 1233இல் வெளியிட்ட ஓர் ஆணையில், சமய விரோதிகளின் சடங்கை விவரிக்கும் இடத்தில் கறுப்புப் பூனை ஒன்று வருகிறது. பூனைகளைக் கொல்லுங்கள் என்று அதில் இல்லை. ஐரோப்பா முழுவதும் பூனைகள் அழிக்கப்பட்டதற்குச் சான்றும் இல்லை. அந்த ஆணைக்கும் நோய்க்கும் இடையே நூறாண்டுக்கு மேல் இடைவெளி இருக்கிறது. பூனைக்கும் பிளேக் தொற்றும். மனிதருக்கு அதிலிருந்து பரவவும் செய்யும்.

மொத்தம் எத்தனை பேர் இறந்தார்கள்?

ஐரோப்பாவில் மூன்றில் ஒருவர் என்பது பழைய பாடநூல் கணக்கு. ஊர்வாரியான நிலவரி ஏடுகளையும் திருச்சபைப் பதிவுகளையும் பார்த்தவர்கள், பல பகுதிகளில் பாதிப் பேர் வரை இறந்ததாகக் கூறுகிறார்கள். இங்கிலாந்தின் பங்குக் குருமார்களில் 40 விழுக்காட்டுக்கும் மேல் இறந்திருப்பதை மறைமாவட்டப் பதிவேடுகள் காட்டுகின்றன. ஐரோப்பாவில் மட்டும் இரண்டரைக் கோடி முதல் ஐந்து கோடி வரை என்று மதிப்பீடுகள் விரிகின்றன.

அக்காலத்தவர் எழுதிய எண்களை அப்படியே ஏற்க முடியாது. புளோரன்ஸ் மதிலுக்குள் ஒரு லட்சத்துக்கும் மேல் இறந்ததாகப் பொக்காச்சியோ எழுதுகிறார். நகரின் மொத்த மக்கள்தொகையே ஏறக்குறைய அவ்வளவுதான். அவர் பொய் சொல்லவில்லை. எண்ணி முடிக்க முடியாத அளவு என்பதைத்தான் அந்த எண்ணால் சொல்ல முயன்றார். எல்லா இடத்திலும் ஒரே அளவு சாவு நேரவும் இல்லை. மிலான் நகரம் முதல் அலையில் ஓரளவு தப்பியது.

அந்தக் காலத்து மருத்துவர்கள் என்ன செய்தார்கள்? பறவை அலகு முகமூடி போட்டவர்கள் அவர்கள்தானே?

அலகு முகமூடியும் நீண்ட மேலங்கியும் பதினேழாம் நூற்றாண்டுக்கு உரியவை. 1348இல் அவற்றை எவரும் அணியவில்லை. அந்தப் படத்தைக் கறுப்புச் சாவோடு சேர்த்துப் போடுவது, இராசராச சோழன் படத்தில் துப்பாக்கியை வரைவதற்கு ஒப்பானது.

பிரெஞ்சு அரசர் ஆறாம் பிலிப்பு கேட்டதற்கிணங்கப் பாரிஸ் பல்கலைக்கழக மருத்துவர்கள் 1348 அக்டோபரில் ஓர் அறிக்கை தந்தார்கள். 1345 மார்ச் 20 அன்று கும்ப ராசியில் சனி, வியாழன், செவ்வாய் மூன்றும் கூடியதால் காற்று கெட்டுவிட்டது என்பது அதன் முடிவு. கெட்ட காற்றைத் தடுக்க மணப்பொருள்களை முகர்ந்தார்கள், இரத்தத்தை வடித்தார்கள், கட்டியைக் கீறினார்கள். போப் ஆறாம் கிளமென்ட் இரண்டு பெருந்தீக்களுக்கு நடுவே அமர்ந்திருந்தார். காற்றைத் தூய்மையாக்கும் என்று நம்பிச் செய்த அந்த ஏற்பாடு அவரை நெருங்கும் ஆட்களைக் குறைத்ததால் உதவியும் இருக்கலாம். ஸ்பெயினின் கிரனாடா நகரத்து மருத்துவரும் அறிஞருமான இப்னு அல்-கதீப், நோயாளியைத் தொட்டவருக்கும் அவர் உடையை அணிந்தவருக்கும் நோய் வருவதையும், விலகி இருந்தவர் தப்புவதையும் கண்ணால் கண்ட பிறகு தொற்றை மறுக்க முடியாது என்று வாதிட்டார். அவர் சொன்னதே உண்மைக்கு மிக நெருக்கமாக இருந்தது.

யூதர்கள் கிணற்றில் நஞ்சு கலந்தார்கள் என்ற பேச்சு எப்படி வந்தது?

1348இல் தெற்குப் பிரான்சில் தொடங்கிய வதந்தி அது. சவாய் நாட்டின் சியோன் கோட்டையில் யூதர்களைச் சித்திரவதை செய்து 'ஒப்புதல் வாக்குமூலம்' பெற்றார்கள். அதன் படிகள் நகரம் நகரமாக அனுப்பப்பட்டன. 1349 சனவரியில் பாசெல் நகரத்து யூதர்கள் எரிக்கப்பட்டார்கள். பிப்ரவரி 14 அன்று ஸ்ட்ராஸ்பூர்கில் ஏறத்தாழ 2,000 பேர் எரிக்கப்பட்டதாக நகரத்துக் குறிப்பேடு சொல்கிறது. அவர்களைக் காக்க முயன்ற நகர மன்றத்தைத் தொழிற்குழுக்கள் சில நாட்களுக்கு முன்புதான் கவிழ்த்திருந்தன. ஸ்ட்ராஸ்பூர்கில் அப்போது நோய் வந்திருக்கவே இல்லை. அந்த ஆண்டு கோடையில்தான் வந்தது. யூதர்களிடம் பட்ட கடன்கள் தள்ளுபடியாகின. பறித்த பணம் பங்கிடப்பட்டது. அந்தப் பணமே யூதர்களைக் கொன்ற நஞ்சு என்று அந்நகரின் குறிப்பாளர் ஒருவரே எழுதி வைத்தார்.

அது பொய் என்று அப்போதே சொன்னவர்கள் இருந்தார்கள். போப் ஆறாம் கிளமென்ட் 1348இல் வெளியிட்ட ஆணைகளில், யூதர்களும் இதே நோயால் சாகிறார்கள், யூதர்களே இல்லாத இடங்களிலும் நோய் இருக்கிறது என்று எளிய தருக்கத்தை முன்வைத்தார். அவருடைய நேரடி ஆட்சிக்குட்பட்ட அவிஞோனில் யூதர்கள் காக்கப்பட்டார்கள். ரைன் ஆற்றங்கரை நகரங்களில் அவர் சொல் எடுபடவில்லை. 'அக்காலத்து அறியாமை' என்று இதை எளிதாகக் கடந்துவிடுவதை நான் ஏற்பதில்லை. உண்மை சொல்லப்பட்டது, கேட்க விரும்பாதவர்கள் கேட்கவில்லை.

தங்களைத் தாங்களே சாட்டையால் அடித்துக்கொண்டவர்கள் யார்?

கடவுளின் சினத்தைத் தணிக்க ஊர் ஊராக ஊர்வலம் போன கூட்டத்தினர். கிறிஸ்து வாழ்ந்த ஆண்டுகளின் நினைவாக முப்பத்து மூன்றரை நாட்கள் இதைச் செய்தார்கள். 1349 அக்டோபரில் போப் தடைவிதித்தார்.

இவ்வளவு பேர் இறந்ததால் பிழைத்த ஏழைகளுக்கு நன்மை கிடைத்தது என்கிறார்களே, அது எப்படி?

நிலம் அப்படியே இருந்தது. உழுவதற்கு ஆள் இல்லை. அறுவடைக்கு ஆள் கிடைக்காத நிலக்கிழார்கள் ஒருவரோடொருவர் போட்டியிட்டுக் கூலியை உயர்த்தினார்கள். இங்கிலாந்து அரசு 1349இல் ஓர் ஆணையும் 1351இல் ஒரு சட்டமும் கொண்டுவந்து, நோய்க்கு முன்பிருந்த கூலிக்கே வேலை செய்ய வேண்டும் என்றது. அறுபது வயதுக்குட்பட்ட, உடல் வலுவுள்ள, பிழைப்புக்கு வேறு வழியில்லாத எவரும் வேலையை மறுக்கக் கூடாது என்றது. மீறியவர்களிடம் ஏராளமாகத் தண்டம் வசூலித்தும் கூலி ஏறுவதைத் தடுக்க முடியவில்லை. 1363இல் எந்தத் தரத்தார் எந்தத் துணி உடுத்தலாம் என்றும் சட்டம் போட்டார்கள். கூலிக்காரர்கள் நல்ல துணி உடுத்தத் தொடங்கியிருந்தார்கள் என்பதை அந்தச் சட்டமே நமக்குச் சொல்லிவிடுகிறது. தலைவரியை எதிர்த்து 1381இல் வெடித்த உழவர் கிளர்ச்சி அடக்கப்பட்டது. ஆயினும் பண்ணையடிமை முறை அங்கே அடுத்த நூற்றாண்டில் தேய்ந்து போயிற்று.

'நன்மை' என்ற சொல்லை மட்டும் நான் தயக்கத்தோடே பயன்படுத்துவேன். கூடுதல் கூலி வாங்கியவர் தம் பிள்ளைகளைப் புதைத்துவிட்டு வந்தவர். 1361இல் நோய் திரும்பி வந்தபோது குழந்தைகளையே அதிகமாகக் கொண்டுபோயிற்று.

ஆள் குறைந்தால் கூலி உயரும் என்றால், எகிப்திலும் உயர்ந்திருக்க வேண்டுமே? ஏன் அங்கே ஏழ்மைதான் வந்தது?

மிக நல்ல கேள்வி. எகிப்தின் வேளாண்மை நைல் வெள்ளத்தைக் கரை கட்டி, வாய்க்கால் வெட்டித் தேக்கிக்கொள்வதைச் சார்ந்தது. ஆண்டுதோறும் ஊர் கூடித் தூர் வாராவிட்டால் நிலம் பயன்படாது. காவிரிக் கடைமடைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆட்கள் இறந்ததும் கரைகள் உடைந்தன, வாய்க்கால்கள் தூர்ந்தன, விளைநிலமே சுருங்கியது. இங்கிலாந்தில் மிச்சமிருந்தவர்களுக்கு நிலம் மிகுந்தது. எகிப்தில் ஆளோடு சேர்ந்து நிலமும் போயிற்று. எகிப்தை அப்போது ஆண்ட, நிலவரி வாங்கிய மம்லூக் படைத்தலைவர்களுக்கு நிலம் பரம்பரை உரிமையாக இல்லாததால், நீண்டகாலச் செப்பனிடலில் அக்கறை கொள்ளவில்லை. எஞ்சிய உழவர்களிடமே பழைய வரியைக் கசக்கிப் பிழிந்தார்கள். உழவர்கள் ஊரைவிட்டு ஓடினார்கள்.

ஜெர்மனியின் எல்பா ஆற்றுக்குக் கிழக்கே மற்றொரு கதை. அங்கே பின்னர் வந்த நூற்றாண்டுகளில் நிலக்கிழார்கள் வலுப்பெற்று உழவர்களை மண்ணோடு கட்டிப்போட்டார்கள். ஒரே கிருமி, ஒரே சாவு; விளைவுகள் மூன்று விதம். நோய்க்கு முன்பே யார் கையில் அதிகாரம் இருந்தது என்பதைப் பாராமல் நோயின் விளைவைப் பேச முடியாது என்று வகுப்பில் இதை வைத்துத்தான் சொல்வேன்.

பிளேக் வராவிட்டால் மறுமலர்ச்சியே வந்திருக்காதா?

மறுமலர்ச்சியின் முன்னோடியான ஓவியர் ஜியோட்டோ 1337இலேயே இறந்துவிட்டார். அதன் மற்றொரு முன்னோடியான பெட்ரார்க் ரோமில் கவிஞராக முடிசூட்டப்பட்டது 1341இல். நோய்க்கு முன்பே தொடங்கிய மாற்றம் அது. சியேனாவின் பெரும் ஓவியர்களான லோரென்செட்டி உடன்பிறப்புகள் 1348க்குப் பிறகு எந்தச் சான்றிலும் காணப்படவில்லை. அந்நகரம் உலகின் மிகப் பெரிய பேராலயமாக விரிவாக்கத் தொடங்கிய கட்டடம் பாதியில் நின்றது. அதன் முடியாத சுவர் இன்றும் வெறுமையாக நிற்கிறது. நோய் எதை உண்டாக்கியது என்று கணக்கிடுபவர்கள் அந்தச் சுவரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கடைசியில் நோய் எப்படி நின்றது?

1353உடன் முதல் அலை ஓய்ந்தது, நோய் நிற்கவில்லை. 1665இல் இலண்டன், 1720இல் மார்செய் என நானூறு ஆண்டுகள் அது திரும்பத் திரும்ப வந்தது. இங்கிலாந்தின் மக்கள்தொகை பழைய அளவை எட்டப் பதினேழாம் நூற்றாண்டு வரை ஆயிற்று.

அனுபவம் ஒன்றைக் கற்பித்தது. இன்றைய துப்ரோவ்னிக் நகரமான ராகுசா, நோயுள்ள இடத்திலிருந்து வருவோர் முப்பது நாட்கள் ஊருக்கு வெளியே தங்க வேண்டும் என்று 1377இல் விதித்தது. பிறகு அது நாற்பது நாட்களாயிற்று. நாற்பது என்பதற்கான இத்தாலியச் சொல்லிலிருந்துதான் நாம் கொரோனாக் காலத்தில் கேட்டுச் சலித்த 'குவாரன்டைன்' வந்தது. வெனிஸ் 1423இல் ஒரு தீவிலேயே பிளேக் மருத்துவமனையை நிறுவியது.

அந்த நோய் அப்போது இந்தியாவுக்கு வந்ததா? மதுரையில் வந்த கொள்ளைநோயும் அதுதானா?

கறுப்புச் சாவு இந்தியாவை எட்டியதற்குத் தெளிவான சான்று இல்லை. மதுரையைப் பற்றிக் கேட்பவர்கள் மொரோக்கோப் பயணி இப்னு பதூதாவின் பயண நூலைப் படித்தவர்களாக இருப்பார்கள். 1344 வாக்கில் மதுரை சுல்தான் கியாசுத்தீனின் ஆட்சிக்காலத்தில் அவர் அங்கே வந்தார். ஊரில் கொள்ளைநோய் பரவியிருந்ததையும், நோய் கண்டவர்கள் இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ இறந்ததையும், தாம் விலைக்கு வாங்கிய அடிமைப் பெண் மறுநாளே மாண்டதையும் அவர் எழுதியிருக்கிறார். விரைவான சாவு என்பதைத் தவிரப் பிளேக்கைச் சுட்டும் நெறிகட்டியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. வாந்திபேதி உட்பட வேறு நோயாகவும் அது இருந்திருக்கலாம்.

அதே பயணி 1348இல் டமாஸ்கஸில் உண்மையான கறுப்புச் சாவைக் கண்டார். அங்கே முஸ்லிம்கள், யூதர்கள், கிறித்தவர்கள் மூவரும் தத்தம் வேதங்களைச் சுமந்து ஒன்றாக இறைஞ்சிச் சென்ற ஊர்வலத்தை அவர் வருணிக்கிறார். ஐரோப்பாவில் யூதர்கள் எரிக்கப்பட்ட காலத்தோடு ஒட்டியே இது நிகழ்ந்தது. மொரோக்கோவுக்குத் திரும்பும் வழியில், தம் தாய் அந்நோயால் இறந்த செய்தி அவருக்குக் கிடைத்தது.

கோவையில் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இருக்கின்றனவே, அவை எந்தக் காலத்தவை?

அவை நாம் பேசும் அலைக்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேல் பிந்தியவை. 1896இல் பம்பாய்க்கு வந்து, அடுத்த சில பத்தாண்டுகளில் இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரைக் கொன்ற அலையோடு சேர்ந்தவை. கிருமி அதே கிருமிதான். ஊரைவிட்டு வெளியேறி வயற்காட்டில் குடிசை போட்டுத் தங்கிய பாட்டி தாத்தாக்களின் நினைவுகளைக் கொங்குநாட்டுக் குடும்பங்களில் நானே கேட்டிருக்கிறேன்.

இப்போது வந்தால் மறுபடியும் அப்படி ஆகுமா?

ஸ்ட்ரெப்டோமைசின், டாக்சிசைக்ளின் போன்ற மருந்துகளைத் தொடக்கத்திலேயே கொடுத்தால் பெரும்பாலோர் பிழைத்துவிடுவார்கள். ஆனால் நோய் ஒழிந்துவிடவில்லை. 1994இல் சூரத்திலிருந்து லட்சக்கணக்கானோர் அஞ்சி வெளியேறினார்கள். 2017இல் மடகாஸ்கரில் ஏறக்குறைய 2,400 பேருக்கு நோய் கண்டு, இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு மூன்றாம் பதிலில் சொன்ன நுரையீரல் வகை. மருந்து இருந்தும் இறந்தவர்கள் அவர்கள். மருந்து இருப்பதும், அது முதல் நாளிலேயே நோயாளியைச் சென்றடைவதும் வேறுவேறு.

எல்லோரும் செத்துக்கொண்டிருந்தபோது இதையெல்லாம் யார் எழுதி வைத்தார்கள்?

சியேனாவின் அக்னோலோ தி தூரா, தம் ஐந்து பிள்ளைகளைத் தம் கையாலேயே புதைத்ததாக எழுதினார். அயர்லாந்தின் கில்கென்னி நகரத்துத் துறவி ஜான் கிளின், ஆதாமின் வழிவந்தவர் எவரேனும் பிழைத்திருந்தால் தொடர்ந்து எழுதட்டும் என்று எழுதாத தோல்தாள்களை விட்டுச் செல்வதாகக் குறித்தார். அதன் கீழே வேறொரு கையெழுத்து, ஆசிரியர் இங்கே இறந்துவிட்டதாகத் தெரிகிறது என்கிறது. அலெப்போவின் இப்னு அல்-வர்தி நோயின் பயணத்தை எழுதிவிட்டு 1349இல் அந்நோய்க்கே இரையானார். வரலாற்றறிஞர் இப்னு கல்தூன் பதினேழு வயதை ஒட்டித் தூனிசில் பெற்றோரை இழந்தார்.

எழுதத் தெரிந்த சிலரின் சொற்கள் இவை. உழவர்கள், கூலியாட்கள், பெண்கள், குழந்தைகள் என இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோரின் பெயர் எங்கும் இல்லை. அதனால்தான் காரா-ஜிகாச் கற்கள் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. அவற்றுள் ஒரு கல்லில், புலி ஆண்டான 1338ஐக் குறித்துவிட்டு, இது இறைநம்பிக்கையாளர் சன்மக்கின் கல்லறை, அவர் கொள்ளைநோயால் இறந்தார் என்று பொறித்திருக்கிறார்கள்.